ஒப்பனைச் சேகரிப்பைக் கண்ணாடி அலமாரியில் வைப்பதா, இழுப்பறையில் வைப்பதா? பாலக்காட்டு வெயிலைத் தாங்குமா?

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் மாடியில் ஓர் அறையை என் ஒப்பனைப் பொருள்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். லிப்ஸ்டிக் மட்டும் முந்நூறைத் தாண்டும். ஐஷேடோ பேலட்டுகள், காம்பாக்ட்டுகள், நெயில் பாலிஷ் குப்பிகள் ஆகியவற்றை நான் எண்ணுவதில்லை. எண்ணினால் வீட்டில் உள்ளவர்களும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இதுவரை பிஸ்கட் டின்களிலும் செருப்புப் பெட்டிகளிலும் கிடந்த இவற்றை, சுவரை அடைத்த ஒரு கண்ணாடி அலமாரியில், வருகிறவர்கள் நின்று பார்க்கும்படி நிற வரிசையில் அடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒரு வாய்க்கு எத்தனை லிப்ஸ்டிக் வேண்டும் என்ற கேள்வியைத் தயவுசெய்து இங்கே கேட்க வேண்டாம். அதை என் பெரியம்மா நாள் தவறாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பீரோ நிறையப் பட்டுப்புடவை அடுக்கி வைத்திருப்பவரிடம் ஓர் உடம்புக்கு எத்தனை புடவை என்று யாரும் கேட்பதில்லை.

பூசிக்கொள்வதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியோ, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காண்பதிலும் அவ்வளவு மகிழ்ச்சி இருக்கிறது. செங்கல் நிறத்துக்கும் துரு நிறத்துக்கும் நடுவில் வரும் ஏழெட்டு லிப்ஸ்டிக்குகளை அடுத்தடுத்துத் திருகி நிறுத்திப் பார்த்தால்தான், ஒன்றில் சற்றே ஆரஞ்சு ஏறியிருப்பதும், இன்னொன்றில் ஊதா கலந்திருப்பதும், மற்றொன்றில் மினுக்குத் தூள் மறைந்திருப்பதும் தெரிகின்றன. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் தோன்றும். அது மட்டுமன்றி, கண்ணில் படுவதைத்தான் கை எடுக்கிறது. டின்னுக்கு அடியில் கிடந்தவை பூசப்படாமலேயே காலாவதியாகிவிடுகின்றன. ஆகவே காட்சிக்கு வைப்பதும் பயன்படுத்துவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

சிக்கல் இந்த ஊரின் தட்பவெப்பம்தான். கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்றும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் 40 டிகிரியைத் தொட்டுவிடும் வெயிலும் உங்களுக்குத் தெரிந்தவையே. அறையின் சன்னலோ கிழக்கு நோக்கியது. இப்படிப்பட்ட இடத்தில் பெரிய சேகரிப்பை வைத்திருப்பவர்கள் எப்படி அடுக்கியிருக்கிறீர்கள் என்று விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கஞ்சிக்கோடு_ஆய்வகம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அழகுசாதனப் பொருள்களின் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

லிப்ஸ்டிக்கை நிமிர்ந்து நிற்க வைப்பது அதிலுள்ள மெழுகு. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 65 டிகிரியிலும், காண்டெலில்லா மெழுகு 70 டிகிரியை ஒட்டியும், கார்னௌபா மெழுகு 80 டிகிரிக்கு மேலும் உருகும். எனவே உங்கள் அறை 40 டிகிரி ஆனாலும் லிப்ஸ்டிக் ஒழுகிவிடாது. ஆனால் மெழுகோடு எண்ணெயும் கலந்திருப்பதால் உருகுவதற்கு வெகு முன்பே அது இளகும். பகலில் இளகி இரவில் இறுகி, மறுநாளும் இளகும்போது உள்ளே மெழுகின் படிக அமைப்பு மாறுகிறது; பிடித்துவைத்திருந்த எண்ணெயை அதனால் பிடித்துவைக்க முடிவதில்லை. திருகிப் பார்க்கும்போது நுனியில் கடுகளவு முத்துமுத்தாகத் துளிர்த்திருப்பது அந்த எண்ணெய்தான். பெரும்பாலும் விளக்கெண்ணெய். அதைத் தாளால் ஒற்றி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம், கெட்டுப்போனதாகப் பொருள் இல்லை. மெழுகுப் பென்சிலைப் போன்ற காறல் வாடை வந்துவிட்டால் மட்டும் எண்ணெய் சிக்கேறிவிட்டது என்று முடிவு செய்து தூக்கிப் போடுங்கள்.

ஆகவே 30 டிகிரியா 35 டிகிரியா என்பதைக் காட்டிலும் வெப்பம் ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். கோடையில் கூரியரில் வந்த பொட்டலத்தையும் உடனே பிரித்துத் திருகிப் பார்க்காதீர்கள். வண்டியின் சூட்டில் இளகியிருக்கும் லிப்ஸ்டிக் அடிப்பாகத்தோடு முறிந்துவிடும். நிழலான அறையில் ஓர் இரவு நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு திறப்பது நல்லது.

வெளிச்சத்தைப் பற்றி எல்லாரும் பொதுவாகப் பயமுறுத்துகிறார்கள். மூடிய உலோகக் குழலுக்குள் இருக்கும் லிப்ஸ்டிக்கை வெளிச்சம் என்ன செய்துவிடும்? பாதிக்கப்படுபவை தெளிந்த குப்பியில் இருக்கும் லிப் கிளாஸ், நெயில் பாலிஷ், கண்ணாடி மூடியுள்ள பேலட் ஆகியவையே. சாதாரண சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு வகையைத் தடுத்தாலும், யூவிஏ எனப்படும் வகையைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். நிறமிகளிலும் வேறுபாடு உண்டு: இரும்பு ஆக்சைடால் கிடைக்கும் பழுப்பு, காவி நிறங்கள் எளிதில் வெளிறுவதில்லை, கரிமச் சாயங்களால் வரும் பளீரென்ற பிங்க், நியான் வகைகள் வெளிறிவிடும்.

வேலந்தாவளத்து_ஆசாரி எழுதியது:

அலமாரியைச் சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைத்தால் காலை வெயில் முழுவதும் அதன்மேல்தான் விழும். சன்னல் இருக்கும் கிழக்குச் சுவரையும் வெளியே வெயில் அடிக்கும் மேற்குச் சுவரையும் தவிர்த்துவிட்டு, மற்றோர் அறையை ஒட்டிய உள்சுவரில் அமைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கும் பலகைக்கும் இடையே இரண்டு விரற்கடை விடுங்கள். தை, மாசியில் அடிக்கும் காற்றோடு வரும் புழுதியைத் தடுக்கக் கண்ணாடிக் கதவின் விளிம்பில் பிரஷ் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். மேல்பாதி கண்ணாடி, கீழ்பாதி ஆழம் குறைந்த இழுப்பறை என்று பிரித்துக்கொண்டால் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிடும். லிப்ஸ்டிக் நிற்கும் இழுப்பறையைச் செய்யக் கொடுக்கும்போது உங்களிடம் இருப்பவற்றுள் மிக உயரமான ஒன்றைத் தச்சரின் கையில் கொடுத்துவிடுங்கள். வாயால் அளவு சொன்னால் அவர் சேலை வைக்கும் ஆழத்துக்குச் செய்துவிடுவார்; நானும் அந்த வேலையில் இருப்பவன்தான், எங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்.

சித்தூர்_மணப்பெண்_அலங்காரம் எழுதியது:

பாலக்காட்டுச் சித்தூரிலும் பொள்ளாச்சியிலும் முகூர்த்த நாள்களில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்பவள் நான். மேலே எழுதிய இருவரும் வெயிலையே பார்க்கிறார்கள். பெரிய சேகரிப்பைக் கெடுப்பது வெயிலைவிட விரல்தான் என்பது என் கருத்து.

திறந்து காட்டப்படும் அலமாரியைப் பார்த்த உறவினர் யாரும் சும்மா போக மாட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா மகள் ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்து நேராக உதட்டில் தேய்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸ் இந்த வழியில் பரவக்கூடியது. கண்மையும் மஸ்காராவும் அதைவிட மோசம். மெட்ராஸ் ஐ பரவும் பருவத்தில் ஒரே காஜலை மூன்று பேர் தீட்டிக்கொண்டால் மூன்று பேருக்கும் கண் சிவக்கும். நான் லிப்ஸ்டிக்கைச் சிறிய எஃகுக் கரண்டியால் சுரண்டி, எஃகுத் தட்டில் வைத்து, பிரஷால்தான் பூசுவேன். வீட்டுச் சேகரிப்புக்கும் ஒரு தட்டும் கரண்டியும் வாங்கி அலமாரியின் முன்னாலேயே வைத்துவிட்டால், நீங்கள் வாய் திறந்து மறுக்க வேண்டிய சங்கடம் இருக்காது. தூள் வகைகளின் மேற்பரப்பில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூறலாகத் தெளித்துக் காயவிடலாம். அதைவிடச் செறிவானது விரைவாக ஆவியாகிவிடுவதால் கிருமிகளைக் கொல்ல நேரம் போதாது.

அடுத்தது காலக்கெடு. மூடி திறந்த சிறு டப்பாவின் படமும் அதனுள் 6எம், 12எம், 24எம் என்ற எழுத்தும் உறையில் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். மஸ்காராவை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். தண்ணீர் சேர்ந்த ஃபவுண்டேஷனுக்கும் கிரீமுக்கும் இடைப்பட்ட ஆயுள். ஐஷேடோ போன்ற உலர்ந்த தூள்தான் நெடுநாள் நிற்கும். காலம் கடந்தவற்றை அழகாக இருக்கிறதே என்று வைத்திருப்பது சேகரிப்பு ஆகாது.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

எஃகுத் தட்டு யோசனைக்கு மிக்க நன்றி அக்கா, இன்றே சொல்லிவிட்டேன். ஆனால் கடைசி வாக்கியத்தோடு உடன்பட மாட்டேன். காலாவதியானதைப் பூசக் கூடாது என்பது சரி. வைத்திருக்கவே கூடாது என்பது எப்படிச் சரியாகும்? என் பாட்டியின் சாந்துக் குப்பி என்னிடம் இருக்கிறது. கட்டைவிரல் பருமன் கண்ணாடிக் குப்பி. மூடியோடு ஒட்டிய குச்சியின் நுனியில் மெரூன் நிறச் சாந்து கல்லாக உறைந்திருக்கிறது. குச்சியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதால் அவர் எந்தச் சாய்வில் பிடித்துப் பொட்டு வைத்தார் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். இன்னும் வாசம் போகாத குட்டிக்கூரா பவுடர் டின்னும் அதன் பக்கத்தில் உண்டு. இவற்றுக்கெல்லாம் மாதக் கணக்கு பார்க்க முடியாது. பூசுபவை ஒரு பக்கம், பார்ப்பவை ஒரு பக்கம் என்று பிரித்து, பார்ப்பவற்றின் அடியில் சிவப்புப் புள்ளி ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

சித்தூர்_மணப்பெண்_அலங்காரம் எழுதியது:

சாந்துக் குப்பிக்கு நான் எதிரி அல்லள் தங்கச்சி. மூன்று ஆண்டுக்கு முன் திறந்த ஃபவுண்டேஷனைத்தான் சொன்னேன்.

ஆரியங்காவு_மழை எழுதியது:

நீங்கள் வெயிலுக்கு அஞ்சுகிறீர்கள். செங்கோட்டையைத் தாண்டி மலையேறியதும் இருக்கும் எங்கள் ஊரில் ஈரம்தான் எதிரி. ஆனியில் தொடங்கும் மழையில் பிரஷ்களின் மயிர் காய்வதற்கே இரண்டு நாள் ஆகும். துணிப்பைகளிலும் தோல் உறைகளிலும் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை படரும். தூள் பேலட்டின் மேல் வட்டமாக வெள்ளைப் புள்ளி தோன்றினால் அதையும் பூஞ்சை என்றே கொள்ள வேண்டும். மேலாகச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்துவதில் பொருளில்லை.

நான் ஒவ்வோர் இழுப்பறையிலும் சிலிக்கா ஜெல் பைகளை வைத்திருக்கிறேன். ஈரத்தை உறிஞ்சியதும் நிறம் மாறும் வகையை வாங்கினால், எப்போது காயவைக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு வகையைத் தேர்ந்தெடுங்கள். பிரஷ்களைக் கழுவிய பின் குவளையில் நிமிர்த்தி வைக்காமல் மேசை விளிம்பில் நுனி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வைத்தால், தண்ணீர் பிடிக்குள் இறங்கிப் பசையைக் கரைக்காது. உங்கள் பக்கத்திலும் மழைக்காலம் உண்டல்லவா? கண்ணாடிக் கதவு எப்போதும் மூடியே இருந்தால் உள்ளே புழுங்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

தீர்த்துமுடி எழுதியது:

இந்த இழையில் மாற்றுக் கருத்துக்கு இடமுண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கோவையில் கிராஸ்கட் ரோட்டுக்கும் ஒப்பணக்கார வீதிக்கும் போகும்போதெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தவள்தான் நானும். இப்போது, கையில் உள்ள காம்பாக்ட்டின் அடியில் தகரம் தெரியும்வரை தீர்க்காமல் அடுத்ததை வாங்குவதில்லை. நடுவில் காசளவுக்குப் பளபளவென்று தகரம் வெளிப்படும்போது கிடைக்கும் நிறைவு, புதிய உறையைப் பிரிக்கும்போது எனக்குக் கிடைத்ததில்லை. முந்நூறு லிப்ஸ்டிக்கில் ஒன்றையாவது அடிவரை தீர்க்க ஒருவரால் முடியுமா? ஒரு லிப்ஸ்டிக்கின் எடை பெரும்பாலும் மூன்றரை கிராமை ஒட்டியது. ஒருமுறை பூச மிகச் சிறிதளவே செலவாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

கணக்கு சரிதான் தோழி. தீர்க்க முடியாது. தீர்ப்பதற்காக நான் வாங்கவும் இல்லை. புதிதாக இருக்கும்போது எல்லா லிப்ஸ்டிக்கும் ஒரே சாய்வில் வெட்டப்பட்டிருக்கும். பூசப் பூச ஒன்று குழிந்தும், ஒன்று தட்டையாகியும், ஒன்று கூம்பாகியும் வரும். என் உதட்டுக்குத் தக்கபடி தேய்ந்த அந்த வடிவத்தை அலமாரியில் ஓர் ஐம்பதிலாவது காண வேண்டும் என்பதே என் ஆசை. உங்களுக்குத் தகரம் தெரிவதில் உள்ள இன்பமும் இதுவும் உறவுக்காரர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் வாரம் ஒரு வரிசையைக் கீழே இறக்கி அந்த வாரம் முழுவதும் அதிலிருந்தே பூசுவது என்ற முறையை உங்கள் பேச்சைக் கேட்டுத் தொடங்கலாம். வரிசை மாறிக்கொண்டே இருந்தால் அலமாரியும் பழசாகாது.

கோவிந்தாபுரம்_தபால் எழுதியது:

நிற வரிசையை விட்டுவிட்டுக் கால வரிசையில் அடுக்கிப் பாருங்கள், பார்க்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். எங்கள் வீட்டில் என் மனைவியின் சேகரிப்பை அப்படித்தான் வைத்திருக்கிறோம். தூசி தட்டும் வேலை என்னுடையது. முதலில் சென்னையில் 1938ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனத்தின் ஐடெக்ஸ் கண்மை டப்பா. அடுத்து 1952ஆம் ஆண்டில் டாட்டா குழுமத்தில் பிறந்த லாக்மேயின் பழைய உறைகள். தொண்ணூறுகளின் நடுவில் ரெவ்லான் இந்தியாவுக்கு வந்தபின் வாங்கியவை அதற்கடுத்த தட்டில். அதன் பிறகு வளைகுடாத் தட்டு: துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்த மாமாக்களின் பெட்டிகளில் சாக்லேட்டுக்கும் பால்பவுடருக்கும் இடையில் வந்து சேர்ந்தவை. 2010ஆம் ஆண்டில் வெளிவந்து 2018ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட அர்பன் டீக்கே நேக்கட் பேலட் அப்படி வந்ததுதான். பன்னிரண்டு பழுப்பு வகை நிறங்களில் இரண்டு மட்டுமே தீர்ந்திருக்கின்றன. இப்போது அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை.

பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல ஒரு செய்தியும் வைத்திருக்கிறேன். லிப்ஸ்டிக்கைத் திருகினால் மேலேறும் குழலுக்கு அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டில்தான் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய உலோகக் குழல்களில் பக்கவாட்டுக் குமிழை விரலால் தள்ள வேண்டும்.

கொல்லங்கோட்டு_ஆட்டக்காரி எழுதியது:

நடனம் கற்பிக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் கடைச் சரக்கு குறைவு. தாத்தாவுக்குக் கதகளி வேஷக்காரர் ஒருவர் கொடுத்த மரப்பெட்டிதான் நடுநாயகம். மஞ்சளுக்கு மனையோலை, சிவப்புக்குச் சாயில்யம் என்று கல்லாகவே சிறு அறைகளில் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் விட்டு இழைத்தால்தான் பூசும் பதத்துக்கு வரும். கண்ணைச் சிவக்க வைக்க இமைக்குள் இடும் சுண்டப்பூ விதைக்கு ஒரு செப்பும் உண்டு. மனையோலை ஆர்சனிக் சேர்ந்தது, சாயில்யம் பாதரசம் சேர்ந்தது. ஆகவே பெட்டியைப் பூட்டிய கண்ணாடிக்குள் மட்டுமே வைத்திருக்கிறோம், பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. உடன் வைக்க வேறொன்று வேண்டுமென்றால், பூவாங்குறுந்தல் செடியின் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தித் திரியாக்கி எரித்துப் பிடிக்கும் கண்மையை இப்பக்கத்துப் பாட்டிமார் இன்றும் செய்கிறார்கள். தமிழ் வீடுகளில் கரிசலாங்கண்ணிச் சாறு, மலையாள வீடுகளில் இது.

சித்தூர்_மணப்பெண்_அலங்காரம் எழுதியது:

பாதரசம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வளைகுடாத் தட்டில் சிவப்பழகுக் கிரீம் எதுவும் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள் அண்ணா. 2023ஆம் ஆண்டில் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு கண்டறியப்பட்டது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தொகுதி எண்ணும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் உறையில் இருக்க வேண்டும். இவை இல்லாத எதையும் நான் என் பெட்டியில் சேர்ப்பதில்லை.

கோவிந்தாபுரம்_தபால் எழுதியது:

பார்த்துவிட்டேன் அம்மா. முகவரியே இல்லாத டப்பா ஒன்று இருந்தது. மனைவியின் சம்மதத்தோடு வெளியேற்றப்பட்டது.

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

எல்லாருடைய கருத்தையும் வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். அலமாரி, படிக்கட்டு அறையை ஒட்டிய உள்சுவரில் வரும். மேலே கண்ணாடிக்குள் லிப்ஸ்டிக்குகளும் காம்பாக்ட்டுகளும், பூட்டிய ஒரு தட்டில் பாட்டியின் பொருள்களும் இருக்கும். பேலட்டுகள் கீழே இழுப்பறையில் இருட்டில் கிடக்கும். கால வரிசை எனக்கு ஒத்துவராது, என் சேகரிப்புக்கு அவ்வளவு வயது ஆகவில்லை.

லிப்ஸ்டிக் குழல்கள் எல்லாம் கறுப்பாகவோ பொன்னிறமாகவோ இருப்பதால் மூடியபடி அடுக்கினால் நிற வரிசை வெளியே தெரியாதே என்ற குறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. திறந்து வைக்கவும் முடியாது. தடித்த தாளில் கோடு இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் ஊறி ஒவ்வொரு கோட்டைச் சுற்றியும் மஞ்சள் வளையம் விழுந்தது. யாரிடமாவது நல்ல வழி உண்டா?

கஞ்சிக்கோடு_ஆய்வகம் எழுதியது:

தாளுக்குப் பதிலாகத் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் இழுத்து, மேலே அகலமான ஒளிபுகு டேப்பை ஒட்டி, பின்புறம் வெள்ளை அட்டை வையுங்கள். எண்ணெய் ஊறாது. அதைச் சிறு வட்டமாக வெட்டிக் குழலின் தலையில் ஒட்டினால் மேலிருந்து பார்க்கும்போது நிறம் தெரியும். பெயரையும் அதிலேயே எழுதிவிடலாம். உள்ளே விளக்குப் போடுவதாக இருந்தால் சூடாகாத எல்ஈடி போதும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான விளக்கில் உங்கள் செங்கலும் துருவும் மறுபடியும் ஒரே பழுப்பாகிவிடும்.

ஆரியங்காவு_மழை எழுதியது:

நெயில் பாலிஷ் எங்கே போகிறது என்று எழுதவில்லையே?

கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

அதற்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை. பூசையறைக்கு அடுத்து ஒரு சின்ன மாடம் காலியாக இருக்கிறது.

கஞ்சிக்கோடு_ஆய்வகம் எழுதியது:

அங்கே மட்டும் வேண்டாம். அதிலுள்ள எத்தில் அசிட்டேட்டும் பியூட்டில் அசிட்டேட்டும் எளிதில் தீப்பற்றக்கூடியவை, நைட்ரோசெல்லுலோஸும் அப்படியே. விளக்கெரியும் இடத்துக்கு எட்டாத, இருட்டான கீழ் இழுப்பறையில் நிமிர்த்தி வையுங்கள். கெட்டியாகிவிட்டால் அசிட்டோனை ஊற்றாதீர்கள். அதற்கென்று விற்கும் தின்னரை இரண்டு சொட்டு விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினால் போதும்.